இலத்தீன் குறிக்கோளுரைகளைத் தமிழ்வழி வாசித்தல்: இலண்டன், சென்னை, யாழ்ப்பாணம்

இலண்டன் மாநகரில் வாழும் தமிழருக்கு இலத்தீன் நாள்தோறும் கண்ணிற்படும் மொழி. ஆயினும் கருத்திற்படும் மொழியன்று. நகரவையின் கட்டடங்களிலும் கல்லூரி வாயில்களிலும் பழைய நாணயங்களின் விளிம்பிலும் பொறிக்கப்பெற்றுள்ள வாசகங்களின் பொருளை அறிய விழைவோர் ஆங்கில விளக்கத்தையே நாடுகின்றனர். அவற்றைத் தமிழாக்குவோரும் பெரும்பாலும் அவ்விளக்கத்தையே தமிழாக்குகின்றனர். இவ்வாறு இருமுறை வடிக்கப்பட்ட பின் எஞ்சுவது மூலத்தின் பொருளன்று. ஆங்கிலம் அதிலிருந்து தேர்ந்துகொண்ட ஒரு பொருள் மட்டுமே. வேற்றுமை உருபும் வினையெச்சமும் வியங்கோளும் வளமாக அமைந்த தமிழ், இலத்தீன் வாசகத்தை நேரே எதிர்கொள்ளும் ஆற்றலை ஆங்கிலத்தினும் மிகுதியாக உடையது என்பதே இக்கட்டுரையின் கருத்து. இவ்வாய்வு இலண்டனோடு நின்றுவிட இயலாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இலச்சினையும் யாழ்ப்பாணக் கல்லூரிகளின் சட்டைப்பைச் சின்னங்களும் இதே மொழியில் பேசுகின்றன.

இவ்வகை வாசகத்தைத் தமிழகத்தார் ‘குறிக்கோளுரை’ என்பர்; ஈழத்தில் ‘மகுட வாசகம்’ என்பதும் ‘விருதுவாக்கு’ என்பதும் வழங்குகின்றன. மூன்றனுள் ‘விருதுவாக்கு’ என்பதே எனக்கு மிகப் பொருத்தமாகத் தோன்றுகிறது. விருது என்பது கொடி, பட்டம், அடையாளச் சின்னம் ஆகியவற்றைக் குறித்த சொல். ஐரோப்பியக் கேடயத்தின்கீழ் நாடாவில் எழுதப்படும் தொடருக்கு அதுவே நெருங்கிய உறவு. எனினும் பரவலாக வழங்குவதால் ‘குறிக்கோளுரை’ என்பதையே இங்கு ஆள்கிறேன்.

எழுத்துப்பெயர்ப்பைப் பற்றியும் ஒரு சொல். இலத்தீனில் குறில் நெடில் வேறுபாடு பொருளையே மாற்றவல்லது. ஆனால் அம்மொழியின் எழுத்துமுறை அவ்வேறுபாட்டைப் பொதுவாகக் காட்டுவதில்லை. தமிழெழுத்து எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் பிரித்துக் காட்டும். அவ்வெழுத்துச் சீர்திருத்தம் இலத்தீனில் புலமை பெற்றிருந்த வீரமாமுனிவர் பெயரோடு இணைத்துப் பேசப்படுவது இங்கு நினைக்கத்தக்கது. கீழே இலத்தீன் தொடர்களைப் பழைய உரோமானிய ஒலிப்பின்படி குறில் நெடில் பிரித்துத் தந்துள்ளேன்.

விளியும் வியங்கோளும்

இலண்டன் நகரவையின் குறிக்கோளுரை ‘தொமினெ, தீரிகெ நோஸ்’ என்பது. ‘தொமினுஸ்’ என்பது எழுவாய் வடிவம். ஈறு திரிந்து ‘தொமினெ’ என்றானது விளிவேற்றுமை. ‘இறைவன்’ என்னும் பெயர் ‘இறைவா’ என ஈறு திரிவதைப் போன்றது இது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் விளியேற்பினும் வடிவம் மாறாது. காற்புள்ளியே அங்கு விளியைக் காட்டவேண்டும். ‘நோஸ்’ என்னும் சொல்லைப் பெயர்க்கும்போது தமிழ் மேலும் ஒரு நுட்பத்தைக் கோருகிறது. முன்னிலையாரை உளப்படுத்தும் ‘நம்மை’யா, விலக்கும் ‘எம்மை’யா? விளிக்கப்படுபவன் இறைவனாதலின் ‘இறைவா, எம்மை நெறிப்படுத்து’ என்பதே சரியான தமிழாக்கம். இலத்தீனும் ஆங்கிலமும் சொல்லாமல் விடும் இவ்வேறுபாட்டைத் தமிழ் சொல்லியே ஆகவேண்டியிருக்கிறது.

இலத்தீனின் விருப்பவினை வடிவம் ஆங்கில உரையாசிரியரை எப்போதும் இடர்ப்படுத்துவது. துணைச்சொல் ஒன்றை முன்னிட்டே அவர்கள் அதைப் பெயர்க்கின்றனர். நமக்கோ வியங்கோள் உண்டு. தொல்காப்பியர் வியங்கோளைச் சிறப்பாகப் படர்க்கைக்கே உரியதாக்கினார். நன்னூலார் காலத்தில் அது மூவிடத்துக்கும் பரந்தது. குறிக்கோளுரைகளில் பயிலும் வடிவமோ பெரும்பாலும் தொல்காப்பியர் கூறிய படர்க்கை வியங்கோளே. சென்னை இலயோலாக் கல்லூரியின் ‘லூகெயத் லூக்ஸ் வெஸ்த்ர’ என்பது ‘நும் ஒளி விளங்குக’ என நேரே தமிழாகிறது. ‘வெஸ்த்ர’ பன்மை முன்னிலையைக் காட்டுவதையும் ‘நும்’ இழக்காது காக்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே சொல்தான். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியின் ‘ஃபீயத் லூக்ஸ்’ என்பது ‘ஒளி உண்டாகுக’. யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரியின் வாசகமும் ஒளியைப் பற்றியதே. ஆனால் ‘லூக்ஸ் இன் தெனெப்ரீஸ் லூகெத்’ என்பதில் வினை வியங்கோளன்று, நிகழ்கால முற்று: ‘இருளில் ஒளி ஒளிர்கிறது’. முன்னது விவிலியத்தின் தொடக்க நூலிலிருந்தும் பின்னது யோவான் நற்செய்தியிலிருந்தும் வந்தவை. ஒன்று ஒளியை அழைக்கிறது. மற்றது இருக்கின்ற ஒளிக்குச் சான்று பகர்கிறது. வடமராட்சிக்கும் யாழ்ப்பாண நகருக்கும் இடையிலான பழைய கல்லூரிப் போட்டியில் இவ்விலக்கண வேறுபாட்டை எவரும் எடுத்தாண்டதாகத் தெரியவில்லை!

கொழும்பு றோயல் கல்லூரியின் ‘திஸ்கெ அவுத் திஸ்கேதெ’ இரண்டு ஏவல் வினைகளின் ஒலி விளையாட்டு. ‘கற்றுக்கொள், அல்லது வெளியேறு’ என்னும் ஆங்கில வழிப் பெயர்ப்பில் பொருள் நிற்கிறது, விளையாட்டுப் போய்விடுகிறது. ‘கல், அன்றேல் செல்’ என்றால் பொருளும் எதுகையும் ஒருங்கே நிற்கும்.

கும்பினியின் இரு வாசகங்கள்

கிழக்கிந்தியக் கும்பினியின் தலைமையகம் இலண்டன் இலீடன்ஹால் தெருவில் இருந்தது. 1861ஆம் ஆண்டளவில் இடிக்கப்பட்ட அம்மாளிகையின் நிலத்தில் இன்று இலாயிட்ஸ் காப்புறுதி நிறுவனத்தின் கட்டடம் நிற்கிறது. கும்பினிக்குக் காலமுறையே இரு வாசகங்கள் இருந்தன. 1600இல் தோன்றிய முதற் கும்பினியின் வாசகம் ‘தெயோ தூகெந்தெ நீல் நொகெத்’. இதன் முதல் இரு சொற்களும் நீக்கப் பொருள் வேற்றுமையில் நின்று, தலைமை வினையின் எழுவாயோடு தொடர்பற்ற தனித்தொடராக இயங்குகின்றன. ஐரோப்பிய மாணவரை அச்சுறுத்தும் இவ்வமைப்பு தமிழ் மாணவருக்குப் புதிதன்று. ‘மழை பெய்யக் குளம் நிறைந்தது’ என்பதில் எச்சத்தின் வினைமுதல் வேறு, முற்றின் வினைமுதல் வேறு. செயவெனெச்சம் பிறவினைமுதல் கொள்ளும் என இலக்கண நூலார் விதித்தது இதனையே. ஆகவே ‘இறைவன் வழிநடத்த, எதுவும் ஊறு செய்யாது’ என்பது சொல்லுக்குச் சொல் நிற்கும் தமிழாக்கம்.

ஆங்கிலம் இங்கு ஓர் இணைப்புச் சொல்லைத் தேர்ந்தே ஆகவேண்டும்: இறைவன் வழிநடத்துமிடத்து என்பதா, நடத்தும்போது என்பதா, நடத்தினால் என்பதா, நடத்துவதால் என்பதா? ‘நடத்தினால்’ என்பது அடக்கமான வேண்டுதல். ‘நடத்துவதால்’ என்பது இறைவன் ஏற்கெனவே தம் பக்கம் நிற்கிறான் என்னும் இறுமாப்பு. மிளகு வாங்கப் புறப்பட்ட வணிகருக்கு இவ்விரண்டும் ஒன்றல்ல. இலத்தீன் தேர்வைத் தவிர்த்தது, செயவெனெச்சமும் தவிர்க்கிறது.

1698இல் நாடாளுமன்றச் சட்டத்தின் துணையோடு போட்டிக் கும்பினி ஒன்று தோன்றியது. 1709இல் இரண்டும் ஒன்றாயின. புதிய கும்பினியின் வாசகமே ஒன்றிணைந்த கும்பினிக்கும் உரியதாயிற்று: ‘அவுஸ்பிகியோ ரேகிஸ் எத் ஸெனாதூஸ் அங்க்லியை’. நூறாண்டுக்குள் இறைவன் நின்ற இடத்தில் அரசனும் நாடாளுமன்றமும் வந்து நின்றன. இதனை ‘இங்கிலாந்து அரசர், நாடாளுமன்றம் ஆகியோரின் ஆணையால்’ என்று விளக்குவது வழக்கம். ‘ஆணை’ என்பது மூலத்தில் இல்லை. ‘அவுஸ்பிகியும்’ என்பது ‘அவிஸ்’ (பறவை), ‘ஸ்பெகெரெ’ (நோக்கு) என்னும் இரண்டின் சேர்க்கை. புள் நிமித்தம் என்பதே அதன் நேர்ப்பொருள். வெட்சித் துறைகளுள் விரிச்சியை வைத்த மரபினருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. உரோமில் நிமித்தம் பார்க்கும் உரிமை உயர் அதிகாரிக்கே உரியது. அவர் கீழ்ப் பணியாற்றும் படைத்தலைவன் களத்தில் வென்றாலும் அவ்வெற்றி நிமித்த உரிமை உடையவருக்கே சேரும். ஆக, கும்பினியின் வாசகம் சொல்வது ‘அவர்கள் ஏவினர், நாங்கள் செய்கிறோம்’ என்பதன்று. ‘செயல் எமது, பேறு அவர்களது’ என்பது. பேச்சுத் தமிழில் ‘உங்கள் புண்ணியத்தில்’ என்கிறோமே, அத்தொடர் அகராதிப் பொருளில் விலகியிருப்பினும் மனப்பாங்கில் அணுக்கமானது. பழியும் அவர்களைச் சேருமா என்பதை வாசகம் சொல்லவில்லை.

இவ்வாசகம் தமிழகத்துக்கு நாணயமாக வந்தது. பர்மிங்காமில் மத்தேயு போல்ட்டனின் சோகோ நாணயச்சாலையில் சென்னை மாகாணத்துக்கென அடிக்கப்பட்ட 1808ஆம் ஆண்டுச் செப்புக்காசுகளின் ஒரு முகத்தில் கும்பினியின் சின்னமும் அதன் நாடாவும் உள்ளன. மறுமுகத்தில் பாரசீக எழுத்தில் மதிப்பும், அடியில் உரோம எண்ணோடு ‘காஷ்’ என்னும் சொல்லும் உள்ளன. அச்சொல் நம் ‘காசு’. போர்த்துக்கேயர் வழி ஆங்கிலத்துக்குச் சென்றது. ரொக்கப் பணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் இதனின் வேறானது என்றும், பெட்டி என்னும் பொருளுடைய இலத்தீன் ‘கப்ஸ’ என்பதன் வழிவந்தது என்றும் சொல்லாராய்ச்சியாளர் கூறுவர்; இரண்டையும் ஒன்றாக்கிப் பெருமை கொள்ளும் மேடைப் பேச்சுகளை நாம் கைவிடலாம். எஞ்சிய உண்மையே போதிய வியப்புடையது: இலத்தீனும் பாரசீகமும் ஆங்கில எழுத்தும் சூழ்ந்த அச்செம்பில் தமிழ்ச்சொல் உண்டு, தமிழெழுத்து இல்லை. அதே காலத்தில் சென்னையில் அடிக்கப்பட்ட அரைப் பூவராகன் வெள்ளி நாணயத்திலோ தமிழும் தெலுங்கும் இடம்பெற்றன. காசுகளை ஏற்றிச் சென்னைக்குப் புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்னும் கப்பல் 1809 சனவரியில் இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள குட்வின் மணற்றிட்டில் மூழ்கியது. பிற்காலத்தில் கடலடியிலிருந்து மீட்கப்பெற்ற அக்காசுகள் இன்றும் நாணய வணிகரிடம் கிடைக்கின்றன.

அணியும் அரணும்

1983 முதல் 2017 வரை வழங்கிய வட்ட வடிவ ஒரு பவுண்டு நாணயங்கள் பலவற்றின் விளிம்பில் ‘தெகுஸ் எத் தூதாமென்’ என்று பொறித்திருந்தது. வெர்கிலின் காப்பியமான ‘ஈனெயிட்’ ஐந்தாம் காண்டத்தில், படகுப் போட்டியில் பரிசாக அளிக்கப்படும் மார்புக் கவசத்தைப் பற்றி வரும் தொடர் இது. இரண்டாம் சார்லசு காலத்தில், 1662இல், நாணயத்தின் ஓரத்தைச் சுரண்டித் திருடுவோரைத் தடுக்க விளிம்பெழுத்தாக இது முதலில் வந்தது. எழுத்தே அழகும் காவலும் ஆயிற்று. ‘அணியும் அரணும்’ என்னும் தமிழ் மோனையையும் தக்கவைக்கிறது. வேல்சுக்குரிய பவுண்டின் விளிம்பில் வேல்சு மொழித் தொடரே பொறிக்கப்பட்டது. பத்து இலட்சத்துக்கும் குறைவானோர் பேசும் மொழி ஒன்று அரச நாணயத்தில் இலத்தீனுக்குப் பதிலாக அமர்ந்தது.

இதே தொடரை நீட்டித் தன் குறிக்கோளுரையாக்கிக்கொண்டது இம்பீரியல் கல்லூரி. அறிவியலைப் பேரரசின் அணியும் அரணுமாகக் கூறிய அவ்வாசகத்தைத் தன் சின்னத்திலிருந்து நீக்குவதாக அது 2020இல் அறிவித்தது. ‘இம்பெரியும்’ என்பது முதற்கண் ஆட்சியாளனின் ஆணை உரிமையைக் குறித்த சொல். நிலப்பரப்பைக் குறித்தது பின்னரே. உரோமர் ஆணையையும் நிமித்தத்தையும் இணைத்தே பேசினர். அவ்விணையின் ஒரு பாதி கும்பினிக்கும் மறு பாதி கல்லூரிக்கும் சென்றதாகக் கொள்ளலாம். நீக்கியது சரியே என்பது என் கருத்து. ஆயின் நீக்கப்படும் முன்னரே அதைப் படித்தறிந்தோர் மிகச் சிலராகவே இருந்திருப்பர்.

சென்னைப் பல்கலைக்கழகம்

இலண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியில், தேர்வு நடத்திப் பட்டமளிக்கும் நிறுவனமாக, 1857 செப்டம்பர் 5 அன்று சட்டவழி தோன்றியது சென்னைப் பல்கலைக்கழகம். அதன் இலத்தீன் குறிக்கோளுரை ‘தொக்த்ரீன விம் ப்ரோமொவெத் ஈன்ஸிதம்’ என்பது. ‘கல்வி இயல்பான திறமையை வளர்க்கிறது’ என்று ஆங்கில வழி விளக்கம் தருவர். ‘விம்’ என்பது திறமையினும் விரிந்தது. வலிமை, ஆற்றல், வீறு எல்லாம் அதனுள் அடங்கும். ‘ஈன்ஸிதம்’ என்னும் பெயரடை ‘உள்ளே விதை, ஒட்டு’ எனப் பொருள்படும் வினையடியாகப் பிறந்தது. எனவே ‘உள்விதைந்த ஆற்றலைக் கல்வி முன்செலுத்துகிறது’ என்பது மூலத்துக்கு அணுக்கமான தமிழ்.

இத்தொடர் ஒராசின் ‘ஓடுகள்’ நான்காம் நூலின் நான்காம் பாடலிலிருந்து எடுத்தது. அகஸ்துஸ் பேரரசனின் மனைவிக்கு முதல் மணத்தின்வழிப் பிறந்த துரூசுஸ், கி.மு. 15இல் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் பெற்ற வெற்றியைப் புகழும் பாடல் அது. வீரர் வீரரிடத்தே பிறப்பர், கழுகின் குஞ்சு புறாவாகாது என்று குலப்பிறப்பைப் போற்றிய பின்னரே புலவர் கல்வியைப் பற்றிப் பேசுகிறார். அவர் வரியில் ‘ஸெத்’ என்றொரு சொல் உண்டு. ‘ஆயினும்’ என்பது பொருள். இச்சொல் அங்கு அரசியல் தேவை கருதி நிற்கிறது. குருதி நீரோக் குடியினது, வளர்ப்பு அகஸ்துஸினுடையது. குருதியை மட்டும் புகழ்ந்தால் பேரரசனுக்குப் பங்கில்லை. ‘ஆயினும்’ என்னும் திருப்பமே அவனுக்கு உரிய பங்கை அளிக்கிறது.

பல்கலைக்கழகம் ‘ஆயினும்’ என்பதை விடுத்து எஞ்சியதை எடுத்துக்கொண்டது. விடுத்ததால் இரண்டு விளைவுகள் நேர்ந்தன. பிறப்பைப் புகழும் முன்வரிகளோடு இருந்த தொடர்பு அறுந்தது, அது நன்று. கல்விக்கும் பிறப்புக்கும் இடையே புலவர் வைத்த எதிர்நிலையும் உடன் மறைந்தது. ஏற்கெனவே உள்ளே விதைந்திருப்பதைத்தான் கல்வி வளர்க்கும் என்னும் கூற்று மட்டும் தனித்து நின்றது. தொடக்கப் பத்தாண்டுகளில் பட்டம் பெற்றோருள் பெரும்பாலோர் பிராமணராக இருந்த பல்கலைக்கழகத்தில், ‘உள்விதைந்த ஆற்றல்’ யாரிடம் உள்ளது என்னும் வினா வெறும் சொல்லாராய்ச்சி வினாவன்று.

இப்பின்னணியில், அப்பல்கலைக்கழகம் தமிழில் வழங்கும் ‘கற்றனைத்தூறும் அறிவும் ஆற்றலும்’ என்னும் குறிக்கோளுரை மொழிபெயர்ப்பே அன்று, மறுமொழி என்று கருதுகிறேன். திருக்குறள் கல்வி அதிகாரத்தின் ஆறாம் குறளை அடியொற்றியது அது. குறளில் அறிவு மட்டுமே உண்டு. இலத்தீன் ‘விம்’ என்பதற்கு இடமளிக்கவே ‘ஆற்றலும்’ சேர்க்கப்பட்டது போலும். உவமையோ முற்றிலும் வேறு. ஒராசுக்கு விதை, வள்ளுவருக்கு மணற்கேணி. விதையின் இனம் முன்னரே முடிவானது, கழுகு கழுகே. கேணியில் நீர் முன்னரே உள்ளது என்பது மெய்யே. அவ்வளவில் இருவரும் ஒன்றுபடுகின்றனர். ஆனால் எவ்வளவு நீர் என்பதைத் தோண்டிய ஆழம் முடிவுசெய்கிறது, தோண்டியவர் குலம் அன்று. ‘அனைத்து’ என்னும் அளவுச்சொல் இத்தொடரின் உயிர்நாடி; ‘அவ்வளவினதாக’ என்பது அதன் பொருள். இன்று அதை ‘எல்லாம்’ என்று பொருள்கொண்டு படிக்கும் மாணவர் பலர்.

எதிர்த்திசைப் பயணமும் நிகழ்ந்துள்ளது. வீரமாமுனிவர் குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனாக்கினார். ஜி. யு. போப் 1886இல் இலண்டனில் வெளியிட்ட தம் ஆங்கிலக் குறட்பதிப்பில் அவ்விலத்தீன் ஆக்கத்தையும் எல்லிசின் ஆக்கத்தையும் இணைத்து அச்சிட்டார். ஒராசின் மொழியில் வள்ளுவரைப் படிக்க வாய்ப்பிருந்தும் அதைக் குறிக்கோளுரைகளுக்குப் பயன்கொண்டோர் இல்லை.

அரச கழகமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும்

1660இல் தோன்றிய இலண்டன் அரச கழகத்தின் ‘நுல்லீயுஸ் இன் வெர்ப’ என்பதும் ஒராசினுடையதே. அவருடைய ‘மடல்கள்’ முதல் நூலின் முதல் மடலில் உள்ளது. எந்த ஆசானின் சொற்களையும் ஓதிச் சூளுரைக்கக் கடப்பாடுடையேன் அல்லேன் என்கிறார் அங்கு. படைவீரன் தலைவன் சொல்லச் சொல்லத் திருப்பிக் கூறும் உறுதிமொழியே அவர் மனத்திலிருந்த உருவகம். குறிக்கோளுரையில் ‘சூளுரை’ என்னும் வினை வெட்டப்பட்டுவிட்டது. ‘எவர் சொல்லையும் நம்பாதே’ என்னும் வழக்கமான விளக்கம் ஐயத்தைக் கூறுகிறதேயன்றி, கட்டுப்பாட்டை மறுத்தலைக் கூறவில்லை. ‘எவர் சொல்லுக்கும் சூளுறவு இன்றி’ என்பதே மூலத்தின் குரல்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வாசகம் ‘மெய்ப்பொருள் காண்பது அறிவு’. இதுவும் வெட்டியெடுத்ததே, ஆனால் எங்கிருந்து வெட்டியது என்பதில் சிக்கல் உண்டு. இத்தொடரோடு முடியும் குறள்கள் இரண்டு. ஒன்று துறவறவியலில் மெய்யுணர்தல் அதிகாரத்தில் (355) உள்ளது: பொருளின் தோற்றம் எத்தன்மையதாயினும் அதனுள் நிற்கும் மெய்யைக் காண்பது பற்றியது. மற்றது அரசியலில் அறிவுடைமை அதிகாரத்தில் (423) உள்ளது: சொல்வோர் எவராயினும் சொல்லப்பட்டதன் மெய்யைக் காண்பது பற்றியது. முதற்பாதி நீங்கினமையால் துறவியும் அமைச்சனும் ஒரே வாசகத்துள் நிற்கின்றனர். பல்கலைக்கழகத்துக்குப் பொருந்துவது 423ஆம் குறளே என்பேன். அரச கழகத்தின் வாசகத்தோடு ஒப்பிட்டால் அதன் பெருந்தன்மை புலனாகும். ஒராசு ஆசானின் சொல்லுக்குக் கட்டுப்பட மறுக்கிறார். வள்ளுவர் எவர் வாயினின்று வரினும் கேட்கச் சொல்கிறார், கேட்டபின் ஆராயச் சொல்கிறார். முன்னதில் கதவு சாத்தப்படுகிறது. பின்னதில் கதவு திறந்திருக்க, காவலன் விழித்திருக்கிறான். ஆனால் இந்த ஒப்பீடு நிற்பதற்கு, சின்னத்தில் இல்லாத முதற்பாதியை வாசகர் அறிந்திருக்க வேண்டும்.

தமிழ் நிலப்பரப்புகளில் உள்ள கல்வி நிறுவனங்களின் இலத்தீன் வாசகங்களைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் மூல இடம், வெட்டப்பட்ட பகுதி, இலத்தீனிலிருந்து நேரே செய்த தமிழாக்கம் ஆகியவற்றைத் தரும் கையேடு ஒன்று தேவை. பழைய மாணவர் சங்கங்கள் இலண்டனிலும் தொறொன்ரோவிலும் இச்சின்னங்களை ஆண்டுமலர்களில் அச்சிடுகின்றன. புலம்பெயர்ந்த நாட்டில் பிறந்த பிள்ளைகள் பொருள் கேட்கின்றனர். விடையாகக் கிடைப்பது ஆங்கில விளக்கமே. கையேட்டைச் செய்வோர் எளிய தொடர்களிலும் தயங்க நேரும். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் ‘ஃபிதே எத் லபோரெ’ மூன்றே சொற்கள். உருபு ‘ஆல்’, பயனிலை இல்லை. ‘லபோரெ’ உழைப்பு என்பதில் ஐயமில்லை. ‘ஃபிதேஸ்’ என்பதற்கோ கத்தோலிக்கர் ‘விசுவாசம்’ என்பர். கிறித்தவத்துக்கு முற்பட்ட உரோமர் வழக்கில் அது சொன்ன சொல் தவறாமை, வணிகர் வழக்கில் ‘நாணயம்’. கல்லூரியின் மரபு கருதி ‘விசுவாசத்தாலும் உழைப்பாலும்’ என்று எழுதலாம். ஏனைய இரு பொருள்களையும் அடியில் குறிக்கவேண்டும். பயனிலையைத் தொகுப்பாளர் இட்டு நிரப்புதல் ஆகாது. இலத்தீனில் அது தொக்கு நிற்பதுபோலவே தமிழிலும் நிற்கட்டும்.